தோம்னிக்கா இன்னும் ஹங்கேரியில்

பக்கத்து இருக்கைக்காரி தன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள் என்பதற்காக, தோம்னிக்கா ஒருமுறை ஹங்கேரி நாடு முழுவதையும் அசையாமல் உட்கார்ந்தே கடந்தாள்.

தூங்கியவள் இலிங்கா. நாலு வயது மகளைத் தாயிடம் விட்டுவிட்டு முதல் தடவையாக இத்தாலிக்கு வேலைக்குப் போகிறவள். ருமேனியா எல்லை தாண்டும்வரை அழுதாள், தாண்டியதும் அசந்து போனாள். மறுபடி கண் விழித்தபோது வேன் ஏதோ ஒரு பெட்ரோல் பங்கில் நின்றிருந்தது. எதிரே சாலையோரம் ஒரு கற்சிலுவை. வேனில் இருந்த பெண்கள் எல்லோரும் அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்தவள் மட்டும் தன் வலது கையை இடது கையால் தூக்கிப் பிடித்து நெற்றிக்குக் கொண்டுபோனாள்.

"கை என்னாச்சுக்கா?" என்றாள் இலிங்கா.

"ஒண்ணுமில்லம்மா. நான் முழிச்சிட்டேன், அது இன்னும் தூங்குது."

பிறகு கழிப்பறைக் கண்ணாடியில் முகம் பார்த்தபோதுதான் இலிங்காவுக்கு விளங்கியது. அவள் கன்னத்தில் அந்த அம்மாளின் கம்பளிச் சட்டைப் பின்னல் அப்படியே பதிந்திருந்தது. திரும்பி வந்து நன்றி சொல்ல வாயெடுத்தாள். தோம்னிக்கா ஒரு வேகவைத்த முட்டையை உரித்து அவள் கையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்படித்தான் இரண்டு பேரும் இத்தாலியில், தூரின் நகரத்தில் சிநேகிதிகளானார்கள்.

தோம்னிக்கா அங்கே பதினாலு வருஷமாக இருந்தாள். வயதானவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைக்கிற வேலை. ஊரில், பக்காவு நகரத்துக்கு அப்பால் ஒரு மலையடிவாரக் கிராமத்தில், அவள் கணவர் கொஸ்தாக்கே தனியாக இருந்தார். ஒரு காலத்தில் கூட்டுப் பண்ணையில் லாரி ஓட்டியவர். முதுகு போனபிறகு தோட்டமும் கோழிகளும்தான் அவர் உலகம். பிள்ளைகள் இல்லை. கர்த்தர் கொடுக்கவில்லை, அதைப் பற்றி அவர்கள் பேசுவதும் இல்லை.

தூரினில் வியாழக்கிழமை பிற்பகல் வீட்டு வேலைக்காரிகள் எல்லோருக்கும் ஓய்வு. ஆற்றங்கரைப் பூங்காவில் ஊர்ப் பெண்கள் கூடுவார்கள். சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு, முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறியைப் பகிர்ந்துகொண்டு, ஊர்க்கதை பேசுவார்கள். விமானம் பற்றிய தகராறு அங்கேதான் வந்தது. தூரினிலிருந்து பக்காவுக்கு நேராக விமானம் விட ஆரம்பித்திருந்த புதிது.

"போறப்ப மூணரை மணி நேரம், வர்றப்ப ஒண்ணரை மணி நேரம்," என்றாள் செனோவியா. எதையும் அடித்துப் பேசுகிறவள். "என் டிக்கெட்லயே போட்டிருக்கு. பத்து மணிக்குக் கிளம்பி ஒண்ணரைக்கு இறங்குது. திரும்பறப்ப ரெண்டு மணிக்குக் கிளம்பி மூணரைக்கு வந்துடுது."

"ஒரே வழிதானே, அது எப்பிடி?" என்றாள் ஒருத்தி.

"பாரம்டி. போறப்ப காப்பித்தூள், சோப்புத்தூள், எண்ணெய்த் தகரம்னு இத்தாலியையே மூட்டை கட்டி ஏத்தறோம். விமானம் மூச்சு வாங்காதா? திரும்பறப்ப காலிப் பெட்டி. காத்து மாதிரி வந்துடுது."

இலிங்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, நம்மூர் கடிகாரம் இங்கத்ததைவிட ஒரு மணி நேரம் முன்னால ஓடுது. ரெண்டு பக்கமும் ரெண்டரை மணி நேரம்தான். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர்."

"பறந்து பார்த்தவளா நீ?" என்றாள் செனோவியா. "நான் பறந்தவ. போறப்ப ரெண்டு தடவை பசிச்சுது. வர்றப்ப பசிக்கவே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். தோம்னிக்கா மட்டும் யோசனையாகக் கேட்டாள்: "அப்ப அந்த ஒரு மணி நேரம் எங்க போவுது இலிங்கா?"

"எங்கயும் போகாதுக்கா. திரும்பி வர்றப்ப கிடைச்சுடும்."

"பதினாலு வருஷமா போய்ட்டு வர்றேன். எனக்கு யாரும் ஒரு மணி நேரம் குடுத்த ஞாபகம் இல்லையே."

அவள் விமானம் ஏறியதே இல்லை. பயம் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். இலிங்காவிடம் மட்டும் ஒருநாள் காரணம் சொன்னாள். வேனில் போனால் ஒன்றரை நாள் ஆகிறது அல்லவா, அது அவளுக்கு வேண்டியிருந்தது. பாலத்தோன் ஏரி வரும்வரை அவள் மனது தான் பார்த்துக்கொள்கிற கிழவியம்மாளின் மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருக்கும். ஹங்கேரியின் நீண்ட சமவெளியில் அந்த மாத்திரைகள் ஒவ்வொன்றாகக் கரையும். நத்லாக் எல்லையில் வரிசையில் நிற்கும்போது ஊர்ப்பேச்சு நாக்குக்குத் திரும்பும். அராத் தாண்டினால் கொஸ்தாக்கேயின் குரல் காதுக்குள் கேட்க ஆரம்பிக்கும். சிபியு, பிரஷோவ் என்று மலை மலையாக ஏறி, ஒய்துஸ் கணவாயில் வேன் இறங்கும்போது அவள் காலணியை மாற்றிக்கொள்வாள். அப்போதுதான் அவள் ஒருத்தர் வீட்டு வேலைக்காரி என்பது போய் ஒருத்தர் மனைவி ஆவாள்.

வீட்டில் கொஸ்தாக்கேயும் அதே வழியில் கூடவே வருவார். அவள் கிளம்பிவிட்டாள் என்று கேட்ட நிமிஷத்திலிருந்து அவர் படுக்க மாட்டார். சமையலறை அடுப்பருகே உட்கார்ந்து, "இப்ப ஏரிக்கு வந்திருப்பா," என்பார். "இப்ப எல்லைல நிக்கிறா." உள்நாட்டுச் சாலையெல்லாம் அவர் லாரி ஓட்டிய சாலைதான். அந்நிய நாட்டுப் பகுதி அவருக்குத் தோம்னிக்கா சொல்லித்தான் தெரியும். பார்த்தே இராத அந்த ஏரியில், அவள் சொன்னபடி, எப்போதும் விடியற்காலப் பனி படிந்திருந்தது அவருக்கு.

போன கோடையில் மட்டும் ஒரு தப்பு நடந்தது. லீவு முடிந்து அவள் பெட்டி கட்டும்போது அவர் சொன்னார், "நீ இந்த வீட்டுக்கு விருந்தாளி. வர்ற, துடைக்கிற, போற." களைப்போ கோபமோ, அவள் திருப்பிச் சொல்லிவிட்டாள்: "விருந்தாளியா? உன் தலைக்கு மேல இருக்கிற கூரை என்னோடது. அதை மறந்துடாத." அவர் பெட்டியை வேன்வரை தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். அதன்பிறகு தொலைபேசியில் மழையைப் பற்றியும் கோழிகளைப் பற்றியும் மட்டும் பேசினார். அவளும் அடுத்த தடவை நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்று மன்னிப்பைத் தள்ளித் தள்ளிப் போட்டாள்.

பனிக்காலத் தொடக்கத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கொஸ்தாக்கேயின் தங்கை கத்ரீனா கூப்பிட்டாள். அண்ணனுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது, டாக்டர் வீட்டுக்கே அனுப்பிவிட்டார், ஞாயிறு தாண்டினால் அதிசயம் என்றாள். "மெழுகுவர்த்தி எடுத்து வச்சுட்டேன் அண்ணி," என்றாள் கடைசியில்.

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சாகிறவர் கையில் எரிகிற மெழுகுவர்த்தி இருக்க வேண்டும், அந்தக் கையைத் தன்னுடையவர் ஒருத்தர் பிடித்திருக்க வேண்டும். அதற்கு முன்பு ஒருவரையொருவர் மன்னித்திருக்கவும் வேண்டும். இவை இல்லாமல் போகிற ஆன்மா இருட்டில் தடவிக்கொண்டு போகும் என்பார்கள்.

வேன் கிளம்புவது ஞாயிற்றுக்கிழமை. விமானமோ மறுநாள் காலையிலேயே இருந்தது. இலிங்கா தன் லீவையும் முன்னுக்கு இழுத்துக்கொண்டு அவளோடு புறப்பட்டாள்.

விமானத்தில் தோம்னிக்காவுக்கு ஜன்னலோரம். மேலே ஏறியதும் கீழே எல்லாம் வெள்ளையாகிவிட்டது. மேகம் நுரைத்த பால்போல அசையாமல் கிடந்தது. வெயில் அவள் மடியில் ஒரு பூனைக்குட்டி மாதிரி வந்து உட்கார்ந்தது. சத்தம்கூட எங்கோ தூரத்தில், வேறு யாருக்கோ நடப்பதுபோல இருந்தது. தோம்னிக்கா நெற்றியைக் கண்ணாடியில் வைத்துச் சாலையைத் தேடினாள்.

"ஏரி எங்க இருக்கும் இலிங்கா?"

"கீழதான்கா. மேகத்துக்கு அடியில."

"தாண்டிட்டோமா?"

"தாண்டியிருப்போம்."

"நான் இன்னும் மாத்திரையையே எண்ணி முடிக்கல," என்றாள் தோம்னிக்கா. கொஞ்ச நேரம் கழித்து மெல்லிய குரலில், "அவர்கிட்ட என்ன சொல்றதுன்னு வேன்லன்னா யோசிச்சு வச்சிருப்பேன். இது ஒரு மாவு பிசையிற நேரத்துல கொண்டுபோய் விட்டுடும்போல இருக்கே."

பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டு உதடசைத்தாள். ஜெபம் என்று இலிங்கா நினைத்தாள். காது கொடுத்துக் கேட்டபோது ஊர்ப்பெயர்கள். செகெத், நத்லாக், அராத், தேவா. ஜெபமாலை மணிபோல ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு நகர்ந்துகொண்டிருந்தாள். தேவாவுக்கு வந்தபோதே விமானம் தரையைத் தொட்டுவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"கடிகாரத்த முன்னால தள்ளி வைங்கக்கா, ஒரு மணி நேரம்," என்றாள் இலிங்கா.

"இருக்கட்டும்."

வீட்டு வாசலில் நாய் அவள்மேல் தாவிக் குரைத்தது. கத்ரீனா கதவைத் திறந்து அழுதாள், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உயிரோடதான் இருக்காரு, நினைவும் இருக்கு, வாங்க," என்று இழுத்துப் போனாள். கொஸ்தாக்கே உள்ளறையில் கணப்படுப்பருகே கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். முகம் சின்னதாகிவிட்டிருந்தது. தோம்னிக்கா மண்டியிட்டு அவர் கையை எடுத்தாள்.

"கொஸ்தாக்கே, நான்தான். வந்துட்டேன்."

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். கனிவான பார்வைதான். பிறகு தங்கையிடம் திரும்பினார்.

"யாரு கத்ரீனா இந்தம்மா?"

"அண்ணே, அண்ணிதான். தோம்னிக்கா."

"அவ காலைலதானே கிளம்பினா," என்றார் கொஸ்தாக்கே. "இன்னும் இத்தாலியில வெரோனாகூடத் தாண்டியிருக்க மாட்டா. எனக்குத் தெரியாதா?"

"விமானத்துல வந்திருக்காங்க அண்ணே."

"அவ விமானம் ஏற மாட்டா." அதோடு கண்ணை மூடிக்கொண்டார்.

கத்ரீனாவுக்குத் தாங்கவில்லை. இலிங்காவைச் சமையலறைக்கு இழுத்துவந்து, "நான்தான் சொன்னேன், கிளம்பிட்டாங்கன்னு. எதுலன்னு சொல்லல. அப்பலேருந்து வழிய எண்ணிக்கிட்டே இருக்காரு. அந்தக் கணக்குலதான் மூச்சே ஓடுது," என்றாள். தோம்னிக்காவும் பின்னாலேயே வந்து நின்றாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எப்ப வந்து சேருவேன் அவர் கணக்குல?"

"நாளைக்குச் சாயங்காலம். ஆனா அதுவரைக்கும்..." கத்ரீனா உள்ளறைப் பக்கம் பார்த்தாள்.

"ஏதாவது சொல்லிச் சுருக்கப் பாருங்கக்கா," என்றாள் இலிங்கா. "வேன் வேகமா வந்துச்சு, எல்லைல கூட்டமே இல்லைன்னு."

தோம்னிக்கா அடுப்பு அனலில் கையைக் காட்டிக்கொண்டே நின்றாள். "பொய் சொல்லி மன்னிப்புக் கேக்க முடியாதும்மா," என்றாள். "அவர் சொல்றது தப்பும் இல்ல. உடம்புதான் வந்திருக்கு. நான் எங்கயோ இன்னும் அந்தப் பக்கந்தான் இருக்கேன்."

உள்ளே போனாள். கட்டிலருகே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"யாரும்மா நீ?" என்றார் அவர் மறுபடி.

"தோம்னிக்காவுக்கு வேண்டியவ. அவ வர்றவரைக்கும் கூட இருக்கச் சொல்லி வந்திருக்கேன்."

"எங்க வந்திருக்கா இப்ப?"

"வெரோனா தாண்டியாச்சு. மழை தூறுது."

அவர் தலையசைத்தார். அன்று சாயங்காலம் இலிங்கா தன் மகளைப் பார்க்கப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டாள். இரவு நடந்ததைக் கத்ரீனாதான் பிறகு சொன்னாள். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே அவர் கேட்பாராம், தோம்னிக்கா சொல்வாளாம். பெட்ரோல் பங்கில் நிறுத்தி எலுமிச்சை போட்ட தேநீர் குடிக்கிறாள் என்பாள். ஏரி வந்தது, பனி படிந்திருக்கிறது, கரையில் ஒரு வெள்ளைப் படகு கவிழ்த்து வைத்திருக்கிறது என்பாள். சமவெளியில் ஒன்றுமே இல்லை, வைக்கோல் போர்களும் நிலவும்தான் என்பாள். அவர் சிரித்தபடி மூச்சு விடுவாராம். ஒரு சமயம் மூச்சு நின்றே போய்விட்டது. கத்ரீனா மெழுகுவர்த்தியை எடுக்க ஓடினாள். தோம்னிக்கா குனிந்து அவர் காதில், "எல்லைல நிக்கிறா கொஸ்தாக்கே, பெரிய வரிசை, கொஞ்சம் பொறுத்துக்கோ," என்றாளாம். அவர் பெருமூச்சு விட்டார், மூச்சு மறுபடி ஓட ஆரம்பித்தது.

ஞாயிறு பூசை முடிந்து இலிங்கா ஆசீர்வதித்த அப்பத்துண்டுகளோடு வந்தபோது வேன் தேவாவுக்கு வந்திருந்தது. கண்கள் சிவந்து, குரல் கட்டி, தோம்னிக்கா அதே முக்காலியில் இருந்தாள். உள்நாட்டுச் சாலை ஆனபடியால் இப்போது அவரே பேசினார். எந்த வளைவில் எந்தச் சாப்பாட்டுக்கடை, எந்த மேட்டில் லாரி திணறும் என்று. சிபியு பாலத்தைப் பழுது பார்க்கிறார்களா என்று கவலைப்பட்டார்.

"பார்க்கல. சீக்கிரமே தாண்டிட்டா," என்றாள் தோம்னிக்கா.

பிற்பகலில் பிரஷோவ். வெளிச்சம் சாய்கிற வேளையில் ஒய்துஸ் கணவாய். அவர் உதடு நீலம் பாய்ந்திருந்தது. விரல் நகங்களும். இலிங்கா கதவோரம் நின்று, ஆண்டவரே இன்னும் கொஞ்சம் சாலை கொடும், என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

கொஸ்தாக்கே கண் திறந்தார். "காலணி மாத்தியிருப்பா இந்நேரம்."

தோம்னிக்கா எழுந்தாள். சமையலறைக்கு வந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, பிரிக்காத பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். இலிங்காவும் கூடப் போனாள். வெளி வாசற்கதவுக்கு அப்பால், சாலையில், தோம்னிக்கா ஊருக்குப் புதியவள் மாதிரி நின்றாள். பனி விழ ஆரம்பித்திருந்தது, சத்தமே இல்லாமல். மலைகள் இருந்த இடத்தில் சாம்பல் நிறம் மட்டும் இருந்தது.

"உள்ள போங்கக்கா. நேரமாகுது."

"இரு. இப்பத்தான் மலையிலேருந்து இறங்கிட்டிருக்கேன்."

கத்ரீனா ஜன்னலைத் திறந்து கிசுகிசுத்தாள்: "நாய் குரைக்கணுமாம். கேக்கிறாரு." நாயோ நேற்றிலிருந்தே அவளைப் பார்த்துப் பழகிவிட்டது, வாலை ஆட்டிக்கொண்டு படுத்திருந்தது. கத்ரீனா ஒரு சோளக்கருதை எடுத்து அதன்மேல் எறிந்தாள். "சனியனே, திங்கத்தான் வாய் இருக்கா? குரைடி." நாய் சோளக்கருதை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தலையைக் காலில் வைத்துக்கொண்டது.

உள்ளேயிருந்து கொஸ்தாக்கேயின் குரல் மெலிதாகக் கேட்டது. "விடு கத்ரீனா. நாய்க்கு வயசாயிடுச்சு."

தோம்னிக்கா வாசற்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். படியில் காலைத் தட்டிப் பனியை உதிர்த்தாள். பெட்டியை நடையில் வைத்தாள். அறை வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். இலிங்கா அவள் முகத்தைப் பார்த்தாள். முந்தின நாள் விமான நிலையத்தில் இறங்கிய முகம் அது இல்லை. தூரத்துச் சாலையெல்லாம் அதில் வந்து சேர்ந்திருந்தது.

"வந்தியா," என்றார் கொஸ்தாக்கே.

"வந்துட்டேன்."

"வழி எப்பிடி?"

"நல்ல வழி. ஏரில பனி."

"உக்காரு. கால் வீங்கியிருக்கும்."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "கொஸ்தாக்கே, கோடையில ஒரு வார்த்தை சொல்லிட்டேன். கூரையைப் பத்தி. என்னை மன்னிச்சுடு."

"கூரையா?" அவர் மேலே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "அது ஒழுகல தோம்னிக்கா. இவ்வளவு மழைக்கும் ஒரு சொட்டு ஒழுகல." மூச்சு வாங்கிக்கொண்டு, "விருந்தாளின்னு நான்தான் முதல்ல ஆரம்பிச்சேன். நீ மன்னி."

"ஆண்டவர் மன்னிப்பாரு. நானும் மன்னிச்சேன்."

"ஆண்டவர் மன்னிப்பாரு," என்றார் அவரும். "நானும்."

அப்புறம் அவர் வழி எதையும் கேட்கவில்லை. திங்கள் காலை, ஜன்னலில் வெளிச்சம் வந்தபிறகு, மெழுகுவர்த்தி கையில் இருக்க, அந்தக் கையைத் தோம்னிக்காவின் கை சுற்றியிருக்க, அவர் போனார். கத்ரீனா ஆன்மா வெளியேற ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

தோம்னிக்கா தூரினுக்குத் திரும்பவில்லை. செத்தவர்களின் ஆன்மா நாற்பது நாள் தான் நடந்த இடங்களையெல்லாம் ஒருமுறை சுற்றிப் பார்க்கும் என்பது எங்கள் நம்பிக்கை. அவர் நடந்த இடம் எல்லாம் இங்கேதான், நான் அங்கே போய் என்ன செய்ய, என்று சொல்லிவிட்டாள். அடக்கம் முடிந்து ஒரு வாரத்தில் இலிங்கா வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. விமான நிலையத்துக்குப் போகிற கார் வந்து நின்றது. தோம்னிக்கா கறுப்புத் தலைத்துணியோடு அதனருகே வந்து, வேகவைத்த முட்டைகளும் ரொட்டியும் கட்டிய பொட்டலத்தை அவள் மடியில் வைத்தாள்.

"ரெண்டரை மணி நேரத்துக்கு இவ்வளவு எதுக்குக்கா?"

"இருக்கட்டும்."

அதன்பின் அவர்கள் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. அடுத்த ஈஸ்டருக்கு முன்பே தோம்னிக்காவும் போய்விட்டாள். கத்ரீனா கையைப் பிடித்திருந்தாளாம். அன்று கார் நகரப் போகும்போது, இலிங்கா கண்ணாடியை இறக்கி, "இறங்கின உடனே போன் பண்றேன்கா," என்றாள்.

தோம்னிக்கா காரின் விளிம்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"உடனே பண்ணாதம்மா," என்றாள். "நாளை மறுநாள் பண்ணு. அதுவரைக்கும் நான் உன்கூட வந்துட்டிருப்பேன்."